சிவாலய ஓட்டமும் நெடுநடையும்: கால் கொப்புளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி மாதம் மகாசிவராத்திரியை ஒட்டிக் குமரி மாவட்டத்தில் நடக்கும் சிவாலய ஓட்டம், முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிறது. பன்னிரண்டு சிவாலயங்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம், பெரும்பாலோர் வெறுங்கால். கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா" என்ற முழக்கம். இந்த வழியில் நடப்பவர்களும், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களும், குமரிமுனையிலிருந்து வடக்கே நெடுந்தூரம் கிளம்புகிறவர்களும் கால் கொப்புளம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். வெறுங்கால் நடைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். அதைப் பற்றித்தான் தமிழில் எழுதியிருப்பது குறைவு.

கொப்புளம் எப்படி உண்டாகிறது? தரையில் உரசுவதாலா?

உரசல் அதில் பாதிதான். ஒரு சோதனை செய்து பாருங்கள். வலது ஆள்காட்டி விரலின் நுனியை இடது புறங்கையில் அழுத்தி வைத்து, விரலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரல் நுனி தோலை விட்டு நகராது. தோல் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அடியிலுள்ள எலும்பு மட்டும் அசையும். நடக்கும்போது பாதத்தில் நடப்பதும் இதுவே. தோல் தரையையோ காலுறையையோ பிடித்துக்கொள்கிறது. மேலிருந்து வரும் எலும்பு முன்னே போகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தோலடுக்குகள் ஒவ்வொரு அடியிலும் இழுபடுகின்றன. பல நூறு முறை இழுபட்டதும் மேல்தோலின் நடு அடுக்கில் செல்கள் பிய்ந்து ஒரு பிளவு உண்டாகிறது. அந்தப் பிளவில் நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம்.

நூறு கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய 1,30,000 அடி எடுத்து வைக்க வேண்டும். ஒரு காலுக்கு 65,000 முறை இந்த இழுபாடு நடக்கிறது. அழுத்தம், ஈரம், சூடு இம்மூன்றில் எது கூடினாலும் பிளவு சீக்கிரம் விழும்.

ஈரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நன்றாகக் காய்ந்த தோல் வழுக்கும். தண்ணீர் வழியும் தோலும் ஓரளவு வழுக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பிசுபிசுத்த ஈரத்தில்தான் பிடிப்பு மிக அதிகம், கொப்புளமும் அதிகம்.

அப்படியானால் சிவாலய ஓட்டத்தில் ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது?

ஒவ்வொரு கோவிலிலும் குளித்துவிட்டு ஈரத்துணியோடு தொழுவது வழக்கம். திக்குறிச்சியில் தாமிரபரணி, திற்பரப்பில் கோதையாறு, மற்ற இடங்களில் பெரும்பாலும் கோவில் குளம். பன்னிரண்டு தடவை பாதம் ஊறுகிறது. ஊறிய பாதத்தோடு உடனே தார்ச்சாலையில் ஏறினால், அடுத்த அரைமணி நேரத்துக்கு மேலே சொன்ன பிசுபிசுத்த ஈரத்திலேயே நடக்கிறீர்கள். போதாதென்று ஈர வேட்டியின் கரையிலிருந்து சொட்டும் தண்ணீர் புறங்கால் வழியாக விரலிடுக்குகளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்குத் தீர்வு எளிது, ஆனால் கூட்டத்தின் வேகத்தில் யாரும் செய்வதில்லை. தொழுது வெளியே வந்ததும் வேட்டியின் கீழ்க்கரையை இறுக்கிப் பிழிந்து, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டுங்கள். ஒரு திண்டில் உட்கார்ந்து, பாதத்துக்கென்றே வைத்திருக்கும் சிறு தோர்த்தால் (துண்டால்) ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாக ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், ஊறிய தோல் தேய்த்தாலே உரியும். பிறகு அந்த விசிறியால் காலுக்கும் இரண்டு நிமிடம் வீசுங்கள். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு கோவிலுக்கும் கணக்கிட்டால் ஒரு மணி நேரம். கொப்புளம் வந்து நொண்டத் தொடங்கியவர் இழக்கும் நேரம் அதைவிட மிக அதிகம்.

வெறுங்காலில் நடந்து பழக எத்தனை நாள் வேண்டும்?

குறைந்தது ஆறு வாரம், எட்டு வாரம் என்றால் நல்லது. சிவராத்திரித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, மார்கழியிலோ தை பிறக்கும்போதோ தொடங்கிவிடுங்கள். விரதம் தொடங்கும் நாளில்தான் செருப்பைக் கழற்றுவேன் என்றால் தோலுக்கு அது போதாது.

முதல் இரண்டு வாரம் மண்தரையில் தினமும் 15 முதல் 20 நிமிடம். தென்னந்தோப்பு, பள்ளி மைதானம், வயல் வரப்பு எதுவும் சரி. மூன்றாம் வாரம் சிமென்ட் தரை, நான்காம் வாரத்திலிருந்து காலை நேரத் தார்ச்சாலை. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள்: 5 கிலோமீட்டர், பிறகு 8, பிறகு 12, கடைசியாக 18 அல்லது 20. ஒரு நாள் பாதம் கன்றிப்போனால் மறுநாள் ஓய்வு. கன்றின இடத்திலேயே மறுபடி நடந்தால் தோல் கெட்டிப்படாது, புண்ணாகும்.

கடற்கரை மணலில் மட்டும் பழகுவது போதாது. சங்குத்துறையிலோ முட்டத்திலோ எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் மணல் கால் வைத்த இடத்தில் நகர்ந்து கொடுத்துவிடும். தார்ச்சாலை நகராது, அந்த இழுபாட்டைத் தோல்தான் தாங்க வேண்டும். தவிர, ஈர மணல் விரலிடுக்கில் ஒட்டி அறுக்கும்.

கடைசி நான்கு நாள் பயிற்சி வேண்டாம். நகத்தையும் அப்போதே நேர்கோடாக வெட்டிவிடுங்கள், ஓரங்களை உள்ளே வளைத்து வெட்டாதீர்கள். கிளம்பும் நாள் காலையில் நகம் வெட்டி, அதில் ஏற்பட்ட சிறு காயத்தோடு குளத்தில் இறங்கியவர்களுக்கு நகச்சுற்று வருவதுண்டு.

என் பாதம் ஏற்கெனவே காய்த்துக் கெட்டியாக இருக்கிறது. எனக்கு வராதுதானே?

சீராகத் தடித்த தோல் பாதுகாப்பு. மேடு தட்டிய காய்ப்பு ஆபத்து. காய்ப்பின் விளிம்பில் கெட்டித் தோலும் மெல்லிய தோலும் சேரும் கோட்டில்தான் இழுபாடு குவிகிறது. சில வேளை காய்ப்புக்கு அடியிலேயே ஆழமாகக் கொப்புளம் கட்டும். அது வெளியே தெரியாது, ஊசியால் குத்தினாலும் எட்டாது, ஒவ்வொரு அடியிலும் உயிர் போகும்.

வாரம் இருமுறை வெந்நீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் மேட்டை மட்டும் சமமாக்குங்கள். பிளேடு வேண்டாம். பித்தவெடிப்பு இருந்தால் 10 முதல் 20 சதவீத யூரியா கிரீமை இரவில் தடவி, மேலே பருத்திக் காலுறை போட்டுத் தூங்குங்கள். மூன்று நான்கு வாரத்தில் வெடிப்பு மூடும். ரத்தம் தெரியும் வெடிப்போடு கிளம்பக் கூடாது. காலாணியை வீட்டில் தோண்டாமல் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நடக்கலாமா?

முந்தைய வாரங்களில் இரவில் தடவுவது நல்லது, தோல் வெடிக்காது. நடக்கும் நாளில் வெறுங்காலுக்குத் தடவினால் சாலைத் தூசியும் பொடிச்சரலும் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

வாசலினுக்கு வேறு சிக்கல். தடவிய முதல் ஒரு மணி நேரம் உராய்வு குறையும். பிறகு அது தோலுக்குள் இறங்கி, தோலை மென்மையாக்கி, பழைய நிலையைவிட உராய்வைக் கூட்டிவிடும். வாசலின் போட்டால் மணிக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் போட வேண்டும். விரலுக்கு விரல் உரசும் இடத்துக்கும் தொடையிடுக்குக்கும் அது மிகப் பொருத்தம். ஈர வேட்டி தொடையை அறுப்பது கால் கொப்புளத்துக்குச் சற்றும் குறைந்த தொல்லை இல்லை. உள்ளங்காலுக்கு வாசலின் வேண்டாம்.

டேப் ஒட்டினால் பலன் உண்டா? எந்த டேப்?

உண்டு. 250 கிலோமீட்டர் பாலைவன ஓட்டங்களில் 128 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பேப்பர் டேப் கொப்புளங்களை 40 சதவீதம் குறைத்தது. அவர்கள் ஷூ போட்டு ஓடியவர்கள். ஷூவுக்குள் பேப்பர் டேப் போதும்: மெல்லியது, உரிக்கும்போது கொப்புளத் தோலையும் சேர்த்து இழுக்காது, விலையும் குறைவு.

வெறுங்காலுக்குப் பேப்பர் டேப் தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர் தாங்காது. துணியால் ஆன, ஜிங்க் ஆக்சைடு பசை கொண்ட பிளாஸ்டரை வாங்குங்கள். 5 சென்டிமீட்டர் அகலச் சுருள் ஒன்று இரண்டு காலுக்கும் போதும். நேர்ச்சைக்கு (நேர்த்திக்கடனுக்கு) பாதத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று கருதுகிறவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு, காய வைப்பதிலும் முன்பயிற்சியிலும் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

ஒட்டும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். பாதத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, முழுதாகக் காய வைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிடுங்கள். டிங்சர் பென்சாயின் என்ற பிசின் கரைசலைப் பஞ்சில் தொட்டு, டேப் ஒட்டப்போகும் இடத்தில் மெல்லிசாகப் பூசி, ஒரு நிமிடம் விடுங்கள். அது பிசின்போல ஒட்டும் பதத்துக்கு வரும். புண்ணில் படக் கூடாது, கடுமையாக எரியும். டேப்பை வெட்டியதும் நான்கு மூலைகளையும் வட்டமாகக் கத்தரியுங்கள். கூர்மூலைதான் முதலில் சுருண்டு எழும்பும். எரியும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் கூடுதலாக மூட வேண்டும். முன்பாதத்தில் ஒட்டும்போது விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வளைக்காமல் ஒட்டினால் முதல் அடியிலேயே டேப் இழுபட்டுப் பெயரும். சுருக்கம் ஒன்று விழுந்தாலும் உரித்துப் புதிதாக ஒட்டுங்கள். அந்தச் சுருக்கமே அடுத்த கொப்புளத்தை உண்டாக்கும்.

விரலைச் சுற்றி வளையமாக இறுக்கிக் கட்டாதீர்கள். சில மணி நேரத்தில் கால் வீங்கும், வளையம் ரத்த ஓட்டத்தை நிறுத்தும். விரலின் அடிப்பக்கத்திலும் பக்கவாட்டிலும் போனால் போதும். குளத்தில் இறங்கியபின் டேப்பின் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். எழும்பியிருந்தால் அந்த ஓரத்தை மட்டும் கத்தரித்துவிட்டு மேலே புதுத் துண்டு ஒட்டலாம்.

எரிச்சல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அடுத்த கோவில் வரை போய்விடலாமா?

போகக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: கொப்புளத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு எரிச்சல் வரும். குண்டுமணி அளவு இடத்தில் சூடாக, குறுகுறுவென்று இருக்கும். தோல் சிவந்திருக்கும், உடைந்திருக்காது. அந்த நேரத்தில் நின்றால் இழுபாடு நின்றுவிடும், கொப்புளம் வராது. இன்னும் 2 கிலோமீட்டர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால், அந்த 2 கிலோமீட்டருக்குள்ளேயே பிளவு விழுந்து நீர் கோத்துவிடும்.

நின்று என்ன செய்வது? உட்காருங்கள். பாதத்தைத் தூக்கி விசிறுங்கள், சூடு ஆறட்டும். ஒட்டியிருக்கும் சரல், முள், சருகுத் துண்டு இவற்றைத் தட்டி எடுங்கள். ஈரம் இருந்தால் ஒற்றி எடுங்கள். மேலே சொன்னபடி டேப் ஒட்டுங்கள். பிறகு நடையைப் பாருங்கள்: ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்கினாலே இழுபாடு பெருமளவு குறையும். சறுக்கிச் சறுக்கி அடி வைக்காமல், பாதத்தைத் தூக்கி நேராக வையுங்கள். குறுகிய அடிகள் நல்லவை. நொண்டி நடந்தால் எடை வேறு இடத்துக்குப் போய், மற்றக் காலிலும் கொப்புளம் வரும்.

வெயிலில் சுட்டு வந்த கொப்புளமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது தீக்காயம், அதற்கு வைத்தியமும் வேறு. முதல் இரவு குளிர்ச்சியாகப் போய்விடும். மறுநாள் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை தார்ச்சாலை கொதிக்கும். காற்று 33 டிகிரி என்றால் தாரின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். மாசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும் பருவம் என்பதால், குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களிலும் வழக்கமான நிழல் இருக்காது.

புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். ஐந்து வினாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் பாதத்தையும் வைக்காதீர்கள். மண் ஓரம், புல், நிழல் தேடுங்கள். சாலையோர வெள்ளைக்கோடு தாரைவிடச் சூடு குறைவு என்பது உண்மை. அதனால்தான் எல்லோரும் அதில் வரிசையாகப் போகிறார்கள். ஆனால் இரவில் ஒளிர்வதற்காக அந்தப் பூச்சில் பொடிக் கண்ணாடி மணிகள் தூவியிருப்பார்கள். ஊறிய பாதத்தோடு அதில் நெடுந்தூரம் போனால் தோல் தேயும். வண்டி வரும் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பாதத்தை வையுங்கள். குழாய்த் தண்ணீரே போதும், பனிக்கட்டி கூடாது. இந்தக் கொப்புளத்தை உடைக்கக் கூடாது. உள்ளங்கால் முழுக்க வெந்திருந்தாலும், வெள்ளையாகி உணர்ச்சியற்றுப் போனாலும் நடை அத்தோடு முடிந்தது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உரசலில் வந்த கொப்புளத்தை உடைக்கலாமா, கூடாதா?

அளவைப் பொறுத்தது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்ததும், வலியில்லாததும், எடை விழாத இடத்தில் இருப்பதும் அப்படியே இருக்கட்டும். மேலே உள்ள தோலைவிட நல்ல கட்டு கிடையாது. பெரிதாக, விண்ணென்று புடைத்து, மிதிக்கும் இடத்தில் இருந்தால் அது தானாகவே தாறுமாறாகக் கிழியும். அதற்குமுன் சுத்தமாக நீரை வெளியேற்றுவது நல்லது. இரண்டிலும் மேல்தோலை உரிக்கக் கூடாது.

நீரை எப்படி வெளியேற்றுவது?

1. சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். கொப்புளத்தையும் சுற்றியுள்ள தோலையும் போவிடோன் அயோடின் அல்லது ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விடுங்கள்.

2. மருந்துக் கடையில் உறையிட்டு விற்கும் புது ஊசியை எடுங்கள். சட்டைப் பின், முள், ஒருவருக்குக் குத்திய ஊசி எதுவும் வேண்டாம். தீக்குச்சியில் காட்டிய ஊசியில் கரி படியும், அது தோலுக்குள் தங்கிவிடும்.

3. உச்சியில் குத்தாதீர்கள். விளிம்பில், தோலுக்குப் படுக்கைவசமாக, இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். நடக்கும்போது அழுத்தம் எந்தப் பக்கம் நீரைத் தள்ளுமோ அந்தப் பக்கத்தில் துளை இருக்க வேண்டும். ஒரே துளை சீக்கிரம் அடைபட்டு மறுபடி நீர் கோக்கும்.

4. சுத்தமான காஸ் துணியால் மெல்ல ஒற்றி அழுத்துங்கள். தெளிந்த நீர் வரும். கலங்கலாகவோ மஞ்சளாகவோ வந்தால் சீழ் பிடித்திருக்கிறது, மருத்துவரிடம் போங்கள்.

5. ஆன்டிபயாடிக் களிம்பு மெல்லிய பூச்சாகப் போட்டு, ஒட்டாத பாராஃபின் காஸ் ஒரு துண்டு வைத்து, மேலே டேப் ஒட்டுங்கள். களிம்பு வழிந்தால் டேப் நிற்காது. பயறு அளவு போதும்.

முதல் 24 மணி நேரத்தில் மறுபடி நீர் சேர்வது இயல்பு. மூன்று முறை வரை இதே போல வெளியேற்றலாம். அப்போதுதான் மேல்தோல் அடித்தோலோடு ஒட்டும்.

தொடர்ந்து நடந்தே ஆக வேண்டும் என்றால், தடித்த பஞ்சு அட்டையிலோ பழைய யோகா விரிப்பிலோ வளையம் வெட்டி, நடுத்துளைக்குள் கொப்புளம் வருமாறு வைத்து ஒட்டுங்கள். எடை வளையத்தின்மேல் விழும். வளையம் ஷூவுக்குள்ளும் செருப்பிலும் நிற்கும், வெறுங்காலில் நிற்காது.

ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவைத்தால் வற்றிவிடும் என்கிறார்களே?

வற்றும், உண்மைதான். அந்த நூல் வழியாகவே சாலை அழுக்கும் குளத்துத் தண்ணீரும் உள்ளே ஏறும். செய்யாதீர்கள்.

தோல் கிழிந்து சிவப்பாகத் தெரிகிறது.

நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். மண் ஒட்டியிருந்தால் சலைன் பாட்டிலை அழுத்திப் பீய்ச்சி எடுங்கள். கிழிந்த தோல் சுத்தமாக இருந்தால் அதை இருந்த இடத்திலேயே விரித்துப் படிய வையுங்கள். சுருண்டு மடங்கிய நுனியை மட்டும் ஸ்பிரிட் துடைத்த கத்தரியால் வெட்டலாம். பச்சைப் புண்ணில் ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றக் கூடாது, புதிதாக வளரும் செல்களையும் அவை கொல்லும். பாராஃபின் காஸ், மேலே உலர்ந்த காஸ், டேப். பெரிய மருந்துக் கடைகளில் ஹைட்ரோகலாய்டு பிளாஸ்டர் கிடைத்தால் அதுவே போதும். அதைத் தினமும் உரிக்காமல், தானாகக் கழலும்வரை விடுங்கள். சீழ் உள்ள புண்ணுக்கு அது கூடாது.

பச்சைப் புண்ணோடு வெறுங்காலில் மேலே போவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. மீதிக் கோவில்களுக்குச் செருப்பணிந்தோ வண்டியிலோ போய்த் தொழுகிறவர்களும் உண்டு.

மஞ்சள், சுண்ணாம்பு, டூத்பேஸ்ட், காப்பித்தூள்?

எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு தோலை அரிக்கும். மற்றவை புண்ணுக்குள் ஒட்டி, மருத்துவர் சுரண்டி எடுக்க வேண்டியதாகும்.

ரத்தக் கொப்புளம் வந்தால்?

உடைக்காதீர்கள். மேலே மெத்தென்று கட்டி, அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது. பல வருடமாக விடாமல் ஓடுகிறேன். இந்த வருடமும் போகலாமா?

பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் சோதித்துச் சொல்லாமல் வெறுங்காலில் போகாதீர்கள். சர்க்கரை நரம்பைப் பாதித்திருந்தால் மேலே சொன்ன அந்த முதல் எரிச்சலே உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் உடைந்து, கண்ணாடிச்சில் ஏறி, ரத்தத் தடம் விழுந்த பின்னும் வலி இருக்காது. அப்படித் தொடங்கிய புண் விரலை எடுப்பதில் போய் முடிந்திருக்கிறது. வலிக்கவில்லை என்பதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளக் கூடாத ஒரே கூட்டம் நீங்கள்தான்.

காலில் ரத்த ஓட்டக் குறைவு, யானைக்கால் வீக்கம், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, இவை உள்ளவர்களுக்கும் இதுதான். கொப்புளம் வந்தால் நீங்களாகக் குத்தாதீர்கள்.

ஷூ போட்டு நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு?

குமரிமுனையிலிருந்து புது ஷூவோடு கிளம்பி, ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டுவதற்குள் குதிகால் போய்விடுகிறவர்கள் பலர். ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். நின்றுகொண்டு பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். பயணத்துக்கு முன் அதே ஷூவில் சில வாரம் நடந்திருக்க வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செயற்கை இழையோ கம்பளிக் கலப்போ நல்லது. மெல்லியது ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று என்று இரண்டு போட்டால், இழுபாட்டில் ஒரு பகுதி காலுறைகளுக்கு நடுவிலேயே முடிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காய வைத்து மாற்றுங்கள்.

குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கினால், ஷூவின் மேல்முனையில் பலரும் பயன்படுத்தாமல் விடும் கடைசித் துளையைப் பயன்படுத்துங்கள். லேசை அதே பக்கத்துக் கடைசித் துளையில் விட்டுச் சிறு வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேசை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் நகராது. முதல் ஐந்து நாள் 15 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

பாதம் வியர்க்காமலிருக்க லோஷன் இருக்கிறதாமே?

20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல். அமெரிக்க ராணுவ அகாடமி மாணவர்களின் 21 கிலோமீட்டர் நடையில் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். போடாதவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கொப்புளம் வந்தது, போட்டவர்களில் 21 சதவீதம். ஆனால் போட்டவர்களில் 57 சதவீதம் பேருக்குத் தோல் அரிப்பும் எரிச்சலும் வந்தன. குறைந்தது மூன்று இரவு முன்கூட்டியே போட வேண்டும். குளத்தில் இறங்கி இறங்கி நடப்பவருக்கு வியர்வையை நிறுத்தி என்ன பயன்? ஷூக்காரர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முயலலாம்.

வலி மாத்திரை?

பாரசிட்டமால் 500 மில்லிகிராம், தேவைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம். விரதத்தில், வெயிலில், உடலில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு ஓடுவதும் கூடாது. வழியில் கிடைக்கும் மோரையும் கஞ்சித் தண்ணீரையும் விடாமல் குடியுங்கள்.

பையில் என்னென்ன?

திருநீற்றுப் பையோடு ஒரு சிறு பிளாஸ்டிக் உறை போதும்: 5 செ.மீ. துணி பிளாஸ்டர் ஒரு சுருள், சிறு கத்தரி, உறையிட்ட ஊசி 4, போவிடோன் அயோடின் சிறு குப்பி, பாராஃபின் காஸ் 4, உலர்ந்த காஸ் ஒரு பொட்டலம், ஆன்டிபயாடிக் களிம்பு, பாரசிட்டமால் 6, பாதத் தோர்த்து. குளிக்கும்போது உறையை நனையாமல் கரையில் யாரிடமாவது கொடுங்கள். பயன்படுத்திய ஊசியை வழியில் போடாதீர்கள், பின்னால் வருகிறவரும் வெறுங்கால்தான்.

டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி தேவையா?

கடைசியாகப் போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் கிளம்பும்முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும்.

எந்த நிலையில் மருத்துவமனை?

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால் பேனாவால் அதன் எல்லையைக் கோடிட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் உடனே போக வேண்டும். காலில் மேல்நோக்கிச் சிவப்புக்கோடு ஓடுவது, தொடையிடுக்கில் நெறி கட்டுவது, காய்ச்சல், குளிர், சீழ், நாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். குழித்துறை, தக்கலை, குலசேகரம் அரசு மருத்துவமனைகள் ஓட்டப் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நிலை மோசமென்றால் 108ஐ அழைத்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள்.

இன்னொன்று. உடைந்த தோலோடு குளத்திலும் வாய்க்காலிலும் வயலிலும் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். அது அன்றே தெரியாது. இரண்டு நாள் முதல் நான்கு வாரம் வரை கழித்துக் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வரும். அப்போது மருத்துவரிடம் "காலில் புண் இருந்தது, குளங்களில் குளித்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

ஓடி முடித்த பிறகு எத்தனை நாளில் ஆறும்?

மேல்தோல் கிழியாத கொப்புளத்துக்கு அடியில் இரண்டு நாளிலேயே புதுத்தோல் தொடங்கிவிடும். ஐந்து நாளில் வெளியடுக்கு உருவாகும். அந்த ஐந்து நாளும் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள், தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய மேல்தோல் காய்ந்து உரியத் தொடங்கும்போது பிய்த்து இழுக்காமல், தொங்குவதை மட்டும் கத்தரியுங்கள். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி அரித்தால் அது சேற்றுப்புண். காய வைத்து, க்ளோட்ரிமசோல் கிரீம் இருவேளை, அரிப்பு நின்றபின்னும் இரண்டு வாரம் தொடர்ந்து போட வேண்டும்.